பச்சை நூல் கட்டிய இடம்

நேற்று மகள் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க ஓர் ஆள் வந்தார். சுருட்டி வைத்திருந்த கம்பி வலையைக் கூடத்துத் தரையில் போட்டு உருட்டினார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் எழுந்து வந்துவிட்டேன். புதுக் கம்பியிலிருந்து எண்ணெயும் இரும்பும் கலந்த அந்தப் பழைய வாடை. கை தானாகப் போய் வலையின் ஒரு முனையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தது. ஓர் இடத்தில் கம்பி விலகியிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"அம்மா, இது கொசுவுக்கு அடிக்கிறது. இதுக்குப் போய் இவ்ளோ பாக்கறீங்களே," என்றார் அவர்.

"அந்த ஓட்டைல கொசு குடும்பத்தோட வரும்பா," என்றேன்.

உள்ளேயிருந்து மகள், "மம்மி, அவர விடுங்க" என்றாள். விட்டேன். ஆனால் வலையைக் கீழே வைக்கும் முன் அதன் வழியாக அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த ஆளின் முகம்தான் தெரிந்தது. நான் யாரைத் தேடினேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் எந்த வலையைப் பார்த்தாலும் மறுபக்கத்தில் உன்னைத் தேடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். எந்த அட்ரஸுக்கு அனுப்புவாய் என்று கேட்டுக் கிண்டல் செய்யாதே.

நாம் என்ன வேலை செய்தோம் என்று வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதுமே கஷ்டம். தொம்மலூரில் உன் பக்கத்து வீட்டுக்காரி, நாம் கோழிக்கூண்டு செய்கிறோம் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். நீயும் அவளைத் திருத்தவில்லை. "ஆமாம்மா, பெரிய எடத்துக் கோழிங்கோ, இஸ்டீல்லதான் தூங்கும்னு சொல்லிட்டு வந்தேன்" என்று வேனில் ஏறும்போதே சொல்லிச் சிரித்தாய். நான் காக்ஸ் டவுனில் முதலில் ஏறிவிடுவேன். என் கைப்பையை வைத்து உனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பேன். தொம்மலூரில் நீ ஏறியதும் வேனே கலகலப்பாகிவிடும். அங்கிருந்து ஆனேக்கல் பக்கம் இருந்த நம் ஷெட் வரை நீ பேசிக்கொண்டே வருவாய். நடுவில் டிரைவரிடம் கன்னடத்தில் ஒரு சண்டையும் போட்டுவிடுவாய்.

நம் ஷெட்டில் எஃகுக் கம்பியைத் தறியில் போட்டு வலையாக நெய்தார்கள். புடவைக்கு இருப்பதுபோலவே அதற்கும் பாவும் ஊடையும் உண்டு. நூலுக்குப் பதில் தலைமுடி போன்ற கம்பி, அவ்வளவுதான். பெயிண்ட், எண்ணெய், மருந்து என்று எதையெல்லாம் வடிகட்டி எடுக்க வேண்டுமோ அந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் அது போகும். நெய்து முடித்த சுருள், தறிச் சத்தம் எட்டாத பின்னறைக்கு நம்மிடம் வரும். மேலே ஓர் உருளையிலிருந்து வலை திரைபோல இறங்கி, கீழே இன்னோர் உருளையில் சுற்றிக்கொள்ளும். அடியில் ட்யூப்லைட். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. கம்பி அறுந்திருக்கிறதா, விலகியிருக்கிறதா, இரட்டையாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்ப்பதுதான் நம் வேலை. ஒரு பக்கம் தெரியாதது மறுபக்கம் தெரியும் என்பதால்தான் இரண்டு பேர்.

நீ குள்ளம். கம்பெனி கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் உன் கால் தரையில் படாது. அதனால் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டாய். வலையின் அடிப்பாகத்துக்கு நேராக உன் முகம் இருக்கும். கடைப் பலகைக்கு மேலே எட்டிப் பார்க்கும் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று சொல்வேன். "எனக்கு இங்கேர்ந்துதான்டி தெரியுது. நீ ஒசரத்துல குந்திகினு ஊரைப் பாரு" என்பாய்.

எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும் இடத்தில் ஃபாதருக்கும் எனக்கும் நடுவில் ஒரு சின்ன வலை உண்டு. உன்னிடம் நான் சொன்னதில் பாதியைக்கூட அங்கே சொன்னதில்லை. ஒருநாள் காலையில் வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாடி ஸ்டெல்லா, நைட்டு அழுதியா? மூக்கால பேசிகினு கீற" என்றாய்.

"சளிடி," என்றேன்.

"சளிக்கு உம் புருசன் பேரா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நீ உருளையை நிறுத்தவில்லை. வலை இறங்கிக்கொண்டே இருந்தது. என் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் புகைக்குப் பின்னால் இருப்பது போல உன் முகம், பொட்டு, மூக்குத்தி. வருஷக்கணக்காக நான் பார்த்த உன் முகம் அதுதான். வேனிலும் கேன்டீனிலும் நீ பக்கத்தில்தான் இருப்பாய். பக்கத்தில் இருப்பவர்களை யார் நேராகப் பார்க்கிறார்கள்?

நூல் வழக்கத்தை இன்றைக்கு யாரிடம் சொன்னாலும் புரியாது. வலையில் குறை தெரிந்தால், அதற்கு நேராக ஓரத்துக் கம்பியில் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும். பிறகு அந்த இடம் வெட்டி எடுக்கப்படும். எனக்குச் சிவப்பு நூல், உனக்குப் பச்சை. சில நேரம் குறை என்று நினைத்தது வெறும் எண்ணெய்ப் பிசுக்காகவோ பஞ்சாகவோ இருக்கும். அப்போது கட்டியவளே அவிழ்த்துவிடலாம். ஒருத்தி கட்டியதை இன்னொருத்தி அவிழ்க்கக் கூடாது. கம்பெனி எழுதிப் போட்ட விதி இல்லை இது. அந்த அறையில் உட்கார்ந்த பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. சேர்ந்த புதிதில் நான் உன் முடிச்சு ஒன்றை அவிழ்த்துவிட்டேன். நீ சத்தம் போடவில்லை. பச்சை நூலை என் கையில் கொடுத்து, "எங்க அவுத்தியோ அங்கயே கட்டு" என்றாய். கட்டினேன். "நீ பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்று மட்டும் கேட்டாய்.

பிறகு உனக்கு அந்தத் தலைவலி வந்தது. முதலில் வெயில் என்றாய், அப்புறம் பித்தம் என்றாய். கைப்பையில் தைலம் வைத்துக்கொண்டு வந்தாய். ஒருநாள் வலை வழியாக என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உன்ன ரெண்டா தெரியுதுடி. ஒண்ணையே தாங்க முடியல" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, "ஈஸ்டர் முடிஞ்சு நீ வா, போலாம்" என்றாய். பெரிய வியாழனும் வெள்ளியும் நான் லீவு. அந்த இரண்டு நாளும் நீ தனியாக உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாய். ஈஸ்டர் முடிந்து நான் வேனில் வந்தபோது தொம்மலூரில் நீ ஏறவில்லை. கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் ஷெட் வரை அப்படியே போனேன்.

மூளையில் ஏதோ வளர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார் என்றார்கள். வார்டில் உன் கட்டில் பக்கம் வந்து நின்றபோது கண்ணைத் திறந்து, "ரெண்டு ஸ்டெல்லாவும் வந்துட்டீங்களா, குந்துங்க" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

தொம்மலூரில் உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மாலையைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து உன் முகத்தைப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா போல இருந்தாய். நெற்றியில் இருந்த அந்தச் சின்னத் தழும்பு எனக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொன்னால் உன் வீட்டார் மனம் கஷ்டப்படும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வலை இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தினேன். நீ எதிரே இருந்தாய். அதே சாம்பல் நிறத்தில், பொட்டோடு, மூக்குத்தியோடு, வலையின் அடிப்பாகத்துக்கு நேராக. நேராகப் பார்த்தால் இருக்க மாட்டாய். வேலையில் மூழ்கிவிட்டுத் தற்செயலாகக் கண்ணை உயர்த்தினால் இருப்பாய். எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பேய் என்றால் பத்து வீடு தள்ளி ஓடுகிறவள் நான்.

ஃபாதரிடம் சொல்லியிருந்தால் ஜெபம் பண்ணித் தீர்த்தம் தெளித்திருப்பார். உன் வீட்டில் சொல்லியிருந்தால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருப்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். நீ போய்விடக் கூடாது, அவ்வளவுதான். அதனால் வாயைத் திறக்கவில்லை. உன் இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைப் போட்டார்கள். அவளுக்கு வேலை பழகட்டும் என்று சொல்லி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டேன். முதலில் ஒரு பக்கம் பார்த்துவிட்டு, சுருளைத் திருப்பி மாட்டி மறுபக்கம் பார்த்தோம். அதனால் வேலை இரட்டிப்பானது. உன் முக்காலியை யாரும் தொடவில்லை. தூசு தட்டக்கூட விடவில்லை. சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா நல்ல மனுஷன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாகக்கூட இருந்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

தசரா நெருங்கும்போது கோடவுனிலிருந்து ஒரு சுருள் வந்தது. நான் லீவில் இருந்த நாட்களில் நீ தனியாகப் பார்த்த சுருள். அந்த ஆர்டர் தள்ளிப்போனதால் எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது அவசரமாகக் கேட்டிருந்தார்கள். குழந்தைகளுக்கான இருமல் மருந்து காய்ச்சும் ஒரு கம்பெனி. பெரிய உருளை வடிகட்டியின் மேல் ஒரே துண்டாகப் போர்த்த வேண்டும், நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. சுருளைப் பிரித்து வந்தபோது நடுப்பகுதியில், ஓரத்துக் கம்பியில், உன் பச்சை நூல்.

கண்டதும் தொட்டுப் பார்த்தேன். உன் முடிச்சுதான். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து விட்டிருந்தாய். பிறகு அதற்கு நேராக வலையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவளையும் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தானேக்கா இருக்கு" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அவ்வளவு சுத்தமான நெசவு.

கிருஷ்ணப்பா வந்தார். "ஏனம்மா, ஆய்த்தா, முடிஞ்சுதா? வண்டி வந்து நிக்குது."

"இங்க நூல் கட்டியிருக்கு சார்."

"என்ன குறை?"

"தெரியல சார்."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார். "பாவம், கடைசில அவங்களுக்குக் கண்ணு சரி இல்லம்மா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது இல்லியா? உங்களுக்குத் தெரியாததா. இல்லாததப் பாத்து கட்டியிருப்பாங்க. அவுத்துடுங்க."

"அவ கட்டினது சார்."

"அவங்க வந்து அவுக்க முடியுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. நல்லாருக்குன்னு நீங்க சொன்னா அனுப்பறேன். இல்லன்னா ஏன் இல்லன்னு நான் ஓனருக்குச் சொல்லணும்."

அவர் போன பிறகு உட்கார்ந்திருந்தேன். குறை இல்லை என்று சொன்னால், உன் கடைசி வேலையை நோயாளியின் பிதற்றல் என்று சொன்னதாகிவிடும். குறை இருக்கிறது என்றால், கண்ணால் காணாததைக் கண்டேன் என்று சொன்னதாகிவிடும். நாம் இரண்டு பேருமே அதைச் செய்ததில்லை. சுருளைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன். இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். நீ பார்த்த இடத்திலிருந்து, நீ பார்த்த உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். முக்காலி அங்கேதான் இருந்தது. ஆனால் அதில் நான் உட்கார்ந்துவிட்டால் நீ எங்கே உட்காருவாய்? படித்தவள் யோசிக்கிற யோசனையா இது என்று சிரிக்காதே. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நான் எழுந்து போகவில்லை. வலையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கண்ணை உயர்த்தியபோது நீ இருந்தாய். வழக்கம்போல உன் பக்கத்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

டீ நேரத்துக்கு எல்லாரும் வெளியே போனார்கள். நான் எழுந்தேன், சுற்றிக்கொண்டு போனேன், முந்தானையால் முக்காலியைத் துடைத்தேன், உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. முகம் வலையின் அடிப்பாகத்துக்கு வந்தது. அடியிலிருந்த ட்யூப்லைட்டின் வெளிச்சம் வலையை ஒட்டிச் சாய்வாக ஏறிப் போவதை அங்கிருந்துதான் முதல்முதலாகப் பார்த்தேன். உன் பச்சை நூலுக்கு நேராக, ஊடைக் கம்பி ஒன்று மட்டும் விரல் நீளத்துக்கு மின்னியது. அறுந்திருக்கவில்லை, விலகவும் இல்லை. இறுக்கம் இல்லாமல் ஒரு மயிரிழை எழும்பியிருந்தது. தலையைக் கொஞ்சம் தூக்கினால் மறைந்துவிட்டது, தாழ்த்தினால் வந்தது. மருந்தை அழுத்தித் தள்ளும்போது முதலில் நகர்வது அந்தக் கம்பியாகத்தான் இருக்கும். அது நகர்ந்தால் அங்கே வழி உண்டாகிவிடும். எல்லாமே உனக்கு இரட்டையாகத் தெரிந்த அந்த நாளிலும், இந்த ஒற்றைக் கம்பியை நீ பார்த்துவிட்டாய்.

கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டேன். அவர் முக்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஹௌதம்மா. இருக்கு," என்றார். எழுந்திருக்கும்போது, "மொதல்லயே இங்க உக்காந்து பாத்திருக்கலாமே?" என்று கேட்டார். வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். புதிதாக ஒரு நீளம் நெய்து கொடுப்பதாக ஓனர் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அறை வரை கேட்டது. உன் நூலோடுதான் அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். யாரும் அவிழ்க்கவில்லை.

அவர்கள் எல்லாரும் போன பிறகு, அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியே வலை வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். என் நாற்காலி இருந்தது. அதன் மேல் என் ஸ்வெட்டர் தொங்கியது. மறுநாள் என் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். வேலையில் மூழ்கினேன். தற்செயலாகக் கண்ணை உயர்த்துவதுபோல் உயர்த்தினேன். சுவர்தான் தெரிந்தது. அடுத்த நாளும் சுவர்தான். அந்த ஷெட் மூடும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன், நீ ஒருமுறைகூட வரவில்லை.

உன் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோவை எப்போதாவது தொம்மலூர் போனால் பார்க்கிறேன். ஸ்டுடியோவில் எடுத்தது. நடுவில் வலை இல்லாத அந்த முகம் எனக்கு இன்னும் பழகவில்லை. எனக்குத் தெரிந்த முகம் வேறு. அதைத் தொலைத்தது நான்தான், அதுவும் தெரிந்தே.

"அப்பறம் ஏன்டி குந்துன?" என்று நீ கேட்பாய். நானும் பல ராத்திரி என்னையே கேட்டிருக்கிறேன். உட்காராமல் இருந்திருந்தால் ஒருவேளை நீ இன்னும் எதிரே இருந்திருப்பாய். ஆனால் இல்லாததை உன் கண் பார்த்தது என்று கிருஷ்ணப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து, அந்த முகத்தை நான் எப்படிடி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்?